கலியபெருமாள் அண்ணனின் கண்டம் பிக்கப்

ஸ்டீரிங் வேலை செய்கிறவனைத் தேடி யாரும் சந்தோஷமாக வருவதில்லை. இன்ஜின் வேலைக்கு வருகிறவர் மைலேஜ் கனவோடு வருவார், பெயின்ட் வேலைக்கு வருகிறவர் கல்யாண வீட்டுக் களையோடு வருவார். என்னிடம் வருகிறவர் மட்டும், பையன் சொல்பேச்சு கேட்பதில்லை என்று வாத்தியாரிடம் முறையிட வந்தவர் மாதிரி "ஒரு பக்கமா இழுக்குதுங்க" என்று ஆரம்பிப்பார். நெய்வேலி ஆர்ச் கேட்டுக்குப் பக்கத்தில் இந்திரா நகரில் என் பட்டறை. வண்டியின் முன்பக்கம் மட்டும்தான் பார்ப்பேன். ஸ்டீரிங், முன் சக்கரம், முன்பக்கத்தைத் தாங்குகிற கமான் பட்டை, அவ்வளவுதான். பின்பக்கம் எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

உங்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள், பழைய வண்டி வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் இருப்பீர்கள். இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் எனக்கு இரக்கம் அதிகம். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பிக்கப்பின் கதை. அது என் பட்டறையில் குடியிருந்த காலத்தில் நடந்தவற்றை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு என்னோடு சேர்ந்து தலையில் கை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டம்

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஜீப் மூஞ்சி, பின்னால் திறந்த தொட்டி, வயதில் எனக்கு மூத்த வண்டி. டிராக்டரிலிருந்து ஒரு கையால் பிடித்து இறங்கினார் கலியபெருமாள் அண்ணன். ஊர் முத்தாண்டிக்குப்பம். மைன்ஸில் பெர்மனென்ட் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். இந்த பிக்கப்பை டூட்டியில் ஓட்டியவரும் அவர்தான். இனி உதவாது என்று ஆபீசில் கழித்துக் கட்டிய வண்டியை எங்கள் டவுன்ஷிப்பில் 'கண்டம்' என்போம். அப்படிக் கண்டம் ஆகி ஏலத்துக்கு வந்தபோது, பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வருகிறவர் மாதிரி ஏலம் எடுத்து வந்து, முந்திரியும் பலாவும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் ஒரு காலையில் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பிவிட்டது, கால் திரும்பிவிட்டது, வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பகலில் மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஓசூரில் இருக்கும் மகன் ஒரு தீர்ப்பு கொடுத்திருந்தான். பட்டறையில் வேலை முடித்து, அப்பா தன் கையால் வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்தால் வண்டி வீட்டில் இருக்கும். முடியாவிட்டால் காயலான் கடைக்குப் போகும். பண்ருட்டியிலிருந்து பழைய இரும்புக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக்கூடப் போய்விட்டாராம். இதையெல்லாம் அண்ணன் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி சொன்னார். நான்தான், ஜாதகத்தில் கண்டம் கிண்டம் எதுவும் இருந்ததா என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன்.

"கண்டம் ஆனது வண்டிதான் தம்பி. நான் கண்டத்த தாண்டி வந்துகினு இருக்கேன்."

புதுசு

வேலை தொடங்குமுன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்டீரிங்கை அரைச்சுற்று சுற்றினாலும் முன் சக்கரத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு அது தன் இஷ்டத்துக்கு ஒரு முடிவு எடுத்தது. பள்ளத்தில் இறங்கியபோது கமான் பட்டை குதித்த குதியில் என் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. எதிரே ஷிஃப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் வேறு வந்தது. நான் ஸ்டீரிங்கை நேராகப் பிடிக்கப் பிடிக்க வண்டி இடது பக்கச் சாக்கடையைப் பார்த்துப் போயிற்று.

அண்ணன் பதறவே இல்லை. "நேரா புடிக்காத தம்பி, கொஞ்சம் சோத்தாங்கை பக்கம் சாய்ச்சுப் புடி, அது நேரா போவும்" என்றார். சாய்த்துப் பிடித்தேன், போயிற்று. தொழிலில் இத்தனை வருஷமாக இருக்கிறவன்தான் நான், ஆனாலும் பட்டறைக்குத் திரும்பி இறங்கியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இந்த வண்டியை எப்படி அண்ணே இத்தனை காலம் ஓட்டினீர்கள் என்று கேட்டேன்.

"நானும் அதுவும் ஒருத்தருக்கொருத்தர் பழகிட்டோம். நீதான் புதுசு."

ஒரு விநோதமான கோரிக்கை

பட்டறை வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள், காலையில் கதவைத் திறந்ததும் காதில் விழும் முதல் வார்த்தை "இன்னும் முடியலியா?" என்பதாகத்தான் இருக்கும். "நாளைக்குக் கண்டிப்பா" என்ற பதிலை என் நாக்கு தூக்கத்தில்கூடச் சொல்லும். அதனால் அடுத்த நாள் ஒரு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராகப் பட்டறைக்குள் வந்து, அந்த பிக்கப்பை ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பியதுமே நான் "நாளைக்கு" என்று வாயெடுத்துவிட்டேன்.

அவர் தனலட்சுமி அக்கா, கலியபெருமாள் அண்ணனின் மனைவி. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. அண்ணன் விழுந்த அன்று தான் கொல்லையில் முந்திரிச் சருகு கூட்டிக்கொண்டிருந்ததையும், அவர் கூப்பிட்ட சத்தம் குழறலாக வந்ததால் யாரோ குடிகாரர் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் திரும்பிப் பார்க்காமல் இருந்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, வண்டியின் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அண்ணன் கிணற்றடிக்குப் போனாலும் அக்கா பின்னாலேயே போகிறாராம். வண்டியை வேண்டாம் என்று தன் வாயால் சொன்னால் மனுஷன் உடைந்துபோவார், ஓட்டு என்று சொல்லவும் தைரியம் இல்லை என்றார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். என் தொழிலில் அப்படி ஒரு கோரிக்கையை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"வேலைய நல்லா பண்ணுங்க தம்பி. ஆனா முடிச்சிடாதீங்க."

அந்தரத்தில் ஸ்டீரிங்

முடிக்காமல் இருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தினேன். சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கின. அக்கா ஊரில் ஏற்றிவிட, அண்ணன் தினமும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார், டீ குடிப்பார், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். தரையைத் தொடாத சக்கரத்துக்கு என்ன கனம்? விரலால் தள்ளினாலே திரும்பும். வலது கையை இடது கையால் தூக்கி ஸ்டீரிங் மேல் வைத்து, இந்தக் கோடி வரைக்கும் ஒரு தரம், அந்தக் கோடி வரைக்கும் ஒரு தரம் என்று சுற்றிக்கொண்டே இருப்பார். நடுநடுவே ஹாரனும் உண்டு. கையைப் பழக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை, விளையாடுகிற வயசா எனக்கு என்று கேட்டுக் கொல்லையில் வீசியவர் இவர்தான்.

நான் ஸ்டீரிங் பெட்டியைக் கழற்றித்தான் முதல் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். கழற்றினால் அவர் எதைச் சுற்றுவார்? அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கமான் பட்டையைப் பார்க்கிறேன், சக்கரத்தைத் தாங்குகிற கிங் பின்னைப் பார்க்கிறேன் என்று சுற்றி வளைத்து வேலை செய்தேன். என் கூட வேலை செய்யும் வெல்டர் சகாயம், "இது பட்டறையா பிசியோதெரபி சென்டரா?" என்று கேட்டுவிட்டு, அவனே போய் அண்ணன் உட்காரும் சீட்டுக்கு ஒரு ஸ்பாஞ்சைத் தைத்துப் போட்டான்.

ஒரு நாள் அக்கா போன் செய்தார். உங்க பட்டறையில் அவர் என்னதான் பண்றாரு என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே, ஸ்டீரிங் சுற்றுகிறார் என்ற உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை.

"நேத்து சட்ட பட்டன அவரே போட்டுக்கினாரு தம்பி. நான் கதவாண்ட நின்னுகினு பாத்தேன்."

ஆப்பு

எங்கள் தொழிலில் சில சொற்களை வெளியே சொல்லக்கூடாது. கமான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த இரும்புத் துண்டு ஒன்றை வைப்போம். அதை வைத்தால் அச்சு ஒரு நூல் பின்னால் சாயும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங், கையை விட்டால் தானாகவே நடுவுக்குத் திரும்பி வரும். பலம் குறைந்த கைக்கு அது பெரிய உதவி. பழைய பிக்கப்பில் ஸ்டீரிங் போன இடத்திலேயே நின்றுகொள்ளும், ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். அந்த இரும்புத் துண்டுக்கு எங்களிடம் உள்ள பெயர் ஆப்பு.

அளவு சரியாக வந்த சந்தோஷத்தில் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். யார் எடுத்தது என்று கேட்காமல், "அண்ணனுக்காக ரெண்டு பக்கமும் நல்லா ஆப்பு வச்சிட்டேன், இனி கவலையே இல்ல" என்றேன். எடுத்தது அக்கா. ஆப்பு வைப்பதென்றால் ஊர் உலகத்தில் என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க கொழுந்தனாருங்க எல்லாரும் சேந்து வச்ச ஆப்பே அவர ஒண்ணும் பண்ணல தம்பி. நீங்களும் வச்சிட்டுப் போங்க."

பவர்

எத்தனை நாள்தான் தள்ளிப்போட முடியும்? கமான் பட்டையில் இறுகிக் கிடந்த தகடுகளைப் பிரித்து, தேவையில்லாததை எடுத்து, குதிக்காமல் அமுங்கும்படி அடுக்கினேன். கிங் பின் புதுசு, ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற கம்பிகளின் முனைகள் எல்லாம் புதுசு. ஆட்டம் போய்விட்டது. ஸ்டாண்டை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினோம். அண்ணன் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துத் திருப்பினார். அது அசையவில்லை. இடது கையையும் சேர்த்துத் திருப்பினார், கழுத்து நரம்பு தெரிந்தது, ஸ்டீரிங் ஒரு சாண் நகர்ந்தது. தரையை அழுத்தி நிற்கிற வண்டிக்கும் அந்தரத்தில் தொங்குகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம் டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். அத்தனை வாரமும் தெரியாதது மாதிரி இருந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, சகாயம் எழுந்து டீ வாங்கப் போய்விட்டான்.

பவர் ஸ்டீரிங் போட்டுவிடலாம் அண்ணே என்றேன். வேறொரு வண்டியின் பெட்டியையும் பம்ப்பையும் கொண்டுவந்து, இன்ஜினிலிருந்து பெல்ட் கொடுத்து இதில் பொருத்த முடியும், தாங்குகிற பட்டையை சகாயம் அடித்துக் கொடுப்பான். அண்ணன் ஒரே பிடியாக மறுத்தார். ரோடு என்ன சொல்கிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும், பவர் போட்டால் பொம்மை ஓட்டுகிற மாதிரி இருக்கும், அதற்குக் காயலான் கடையே மேல் என்றார். சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் வந்து நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை முடித்துவிடாதே என்று என்னிடம் சொன்னவர், பேசாமல் இருந்திருந்தால் அன்றோடு அவர் நினைத்தது நடந்திருக்கும். ஆனால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் புருஷனைப் பார்த்து, "மிக்சி வந்ததும் நான் அம்மிய வுட்டுட்டேன். கொழம்புல ருசி போச்சுன்னு நீங்க ஒரு நாளாவது சொல்லி இருக்கீங்களா?" என்று கேட்டார். அண்ணன் வெகுநேரம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"சட்னில மட்டும் கொஞ்சம் போச்சு, தனம். சரி, போடச் சொல்லு."

நேர்

வேலை முடிந்த அன்று காலையில் அக்கா இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து முன் சக்கரத்தின் கீழே வைத்தார். கும்பிட்டுவிட்டு அவரும் ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் தொட்டியில் நின்றுகொண்டேன். மெயின் ரோட்டுக்கு விடுவதற்கு முன் பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடு தூரத்தில் தெரிகிற அந்த வெளியில், இடித்தாலும் தைல மரத்தைத் தவிர வேறு எதையும் இடிக்க முடியாது. எனக்கு உள்ளூர ஒரே கர்வம். ஆட்டம் இல்லை, இழுப்பு இல்லை, விரலால் தொட்டால் திரும்புகிறது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் வளையத்தை நடுவோடு சேர்க்கிற இரண்டு கம்பிகளும் தராசுத் தட்டு நின்ற மாதிரி மட்டமாக நின்றன. எங்கள் தொழிலில் அதுதான் கையெழுத்து. ஸ்டீரிங் கோணலாக நின்றால் வேலை தெரியாதவன் என்று அர்த்தம்.

பழம் நசுங்கியது, வண்டி அழகாகக் கிளம்பியது. முதல் கியரில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது கியர் போட இடது கை கீழே போனதும், ஸ்டீரிங்கில் வலது கை மட்டும் தனியாக நின்றது. அந்தக் கை மெல்லச் சரிந்து, வளையத்தையும் கூடவே இழுத்து, வழுக்கி மடியில் விழுந்தது. வண்டி மரத்தைப் பார்த்துத் திரும்பியது, பிரேக் போட்டார். மறுபடியும் கிளம்பினார், மறுபடியும் கியர் மாற்றும் இடத்தில் கை விழுந்தது. இன்னொரு தடவையும் அப்படியே. நான் தொட்டியிலிருந்து குதித்து வந்து, பம்ப் அழுத்தம் கொஞ்சம் கூட இருக்குமோ, பார்க்கிறேன் அண்ணே என்று என்னென்னவோ உளறினேன். அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"வண்டி மேல தப்பு இல்ல தம்பி. அந்த இரும்புக்காரனுக்கு போன் பண்ணிடு."

கம்பி

அண்ணன் இறங்கிப் போய், அங்கே கிடந்த பழைய டயர் ஒன்றின் மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அக்கா இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கை காட்டி என்னைக் கூப்பிட்டார். வலது பக்கக் கம்பியைத் தொட்டுக் காட்டி, "இது இங்க இருக்காது தம்பி, இன்னும் கீழ இருக்கும். அவரு கட்டை விரல இதும் மேல மாட்டிக்கினு, முழங்கைய கதவுல வச்சிக்கினுதான் கியர் போடுவாரு. எத்தினி வருசம் பக்கத்துல குந்திகினு வந்திருக்கேன்? கை கீழ போயி கம்பிய தேடுது. நீங்க அதை மேல தூக்கி வச்சிட்டீங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வண்டி இடது பக்கம் இழுத்த காலம் முழுக்க ஸ்டீரிங்கை வலது பக்கம் சாய்த்தே பிடித்துப் பழகிய கை அது. பாதி பலம் போன பிறகும் தன் இடத்தை அது மறக்கவில்லை. நான் வண்டியைச் சரி செய்தபோது அந்த இடத்தை எடுத்துவிட்டேன். ஓடிப்போய் ஸ்பேனர் கொண்டுவந்து, ஹாரனைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, ஸ்டீரிங்கை உருவி, அது உட்காருகிற தண்டில் சில பல் தள்ளிச் சாய்வாக மாட்டினேன். சக்கரம் நேராக இருக்க, ஸ்டீரிங் மட்டும் கோணலாக நின்றது. தொழில் தெரிந்த எவன் பார்த்தாலும் காறித் துப்புவான். அண்ணனைக் கூப்பிட்டோம். வர மறுத்தார், அக்கா போய்த் தோளைத் தொட்டதும் வந்தார். கிளம்பினார். இடது கை கியருக்குப் போனது. வலது கை கீழே சரிந்தது, கட்டை விரல் கம்பி மேல் மாட்டியது, நின்றது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். தொட்டியில் நின்றிருந்த எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்ல மாட்டேன், அழுதேன்.

அவர் அந்தப் பொட்டலை ஆசை தீரச் சுற்றிவிட்டு, தண்ணீர் குடிக்க இறங்கிய நேரத்தில் அக்காவிடம் கேட்டேன். முடித்துவிடாதே என்று சொன்னது நீங்கள், சும்மா இருந்திருந்தால் வண்டி போயிருக்குமே, ஏன் சொன்னீர்கள் என்று. அவர் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே பதில் சொன்னார்.

"ஓட்றத பாத்தா எனக்கு பயந்தான். ஆனா வண்டி மேல தப்பு இல்லன்னு சொன்னாரு பாருங்க, அந்தக் கொரல வச்சிக்கினு நான் எப்பிடி தம்பி அந்த வூட்ல இருக்கிறது?"

புகார்

அன்று மத்தியானமே அவர் வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிளில் நான் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் அவரை மாட்டு வண்டிகூட முந்திக்கொண்டு போயிற்று, அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானெட்டை ஒரு தட்டு தட்டினார். அக்கா மறுபக்கம் இறங்கினார். இப்போதும் அக்கா பக்கத்தில் இல்லாமல் அவர் சாவியைத் தொடுவதில்லை. அதுதான் அக்கா போட்ட கண்டிஷன், டாக்டர் சொன்னதும் அதுதான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. ஓசூரிலிருந்து லீவில் வந்திருந்த மகன், அப்பா வண்டியை ஒரு ரவுண்டு எடுத்திருக்கிறான். பேச்சில் மரியாதை இருந்தாலும் சூடாக இருந்தான். வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதாம், அலைன்மென்ட் பட்டறை என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக்கூடப் பார்க்காமல் எப்படி அனுப்பினீர்கள் என்றான். நான் வாயெடுப்பதற்குள், போனுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு அவன் அம்மா பேசியது எனக்கே தெளிவாகக் கேட்டது.

"அது கோணல் இல்லடா. உங்கப்பா கை இருக்கிற எடம்."

ஆகவே, பழைய வண்டியோடும் பழைய வண்டிக்காரரோடும் மல்லுக்கட்டும் பெருமக்களே, வேலை தெரியாதவன் என்று ஓசூர் வரைக்கும் பெயர் வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலியாக அண்ணன் கொல்லையிலிருந்து வந்த பலாப்பழத்தைச் சகாயத்தோடு பங்கு போட்டுத் தின்றுவிட்டு நிம்மதியாக இருக்கிறவன் இந்தத் தொழிலில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.